நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் தமிழர் யார்? விளக்கக் கட்டுரை எழுதத் தொடங்குவோருக்கு

மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. இதைப் பற்றிச் சின்னதாக ஒரு கட்டுரை எழுதச் சொன்னால், பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்:

“இந்தியப் பெருங்கடலின் முத்து எனப் போற்றப்படும் மொரிசியஸ் ஓர் அழகிய தீவாகும். இத்தீவில் பல இன மக்கள் ஒற்றுமையுடன் வாழ்ந்து வருகின்றனர். தமிழர்கள் இங்கு நெடுங்காலமாக வாழ்ந்து வருவது குறிப்பிடத்தக்கது. இந்நாட்டின் பணத்தாள்களில் தமிழ்மொழி இடம்பெற்றிருப்பது உலகத் தமிழர் அனைவருக்கும் பெருமை சேர்க்கும் விஷயமாகும்.”

எழுத்துப் பிழை இல்லை. தகவல் பிழையும் இல்லை. ஆனால் நான்கு வாக்கியம் படித்த பிறகு வாசகருக்குப் புதிதாக என்ன தெரிந்தது? நோட்டில் தமிழ் இருக்கிறது என்பது மட்டும்தான். அது தலைப்பைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

இதே விஷயத்தை இன்னொரு விதமாக எழுதிப் பார்க்கலாம்:

“மொரிசியஸின் நூறு ரூபாய் நோட்டில் ஒரு தமிழரின் முகம் இருக்கிறது. அவர் பெயர் ரங்கநாதன் சீனிவாசன். வழக்கறிஞர், அரசியல்வாதி. நாடு விடுதலை பெற்றது 1968இல். அதைப் பார்க்க அவர் இல்லை, 1958லேயே இறந்துவிட்டார். நோட்டின் மதிப்பு ஆங்கிலத்தில் இருக்கும், அடுத்து தமிழில், அதற்கடுத்து இந்தியில். 1998இல் வெளியான நோட்டுகளில் இந்தி தமிழுக்கு முன்னால் வந்துவிட்டது. தமிழர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையிலேயே புதியவை அச்சாகின.”

இரண்டாவது பத்தியில் உவமை இல்லை, அடுக்குமொழி இல்லை, பெருமை என்ற சொல்கூட இல்லை. ஆனாலும் அதைப் படித்தவர் அடுத்த பத்திக்குப் போவார். ஏன் போவார் என்று புரிந்துகொண்டால் விளக்கக் கட்டுரையின் பாதி கைவந்துவிடும்.

சரி, விளக்கக் கட்டுரை என்றால் என்ன? வாசகருக்குத் தெரியாத ஒன்றைத் தெரியவைக்கும் எழுத்து, அவ்வளவுதான். கதை ஓர் அனுபவத்துக்குள் நம்மை அழைத்துப் போகும். கருத்துக் கட்டுரை ஒரு பக்கம் சாய்ந்து நின்று வாதாடும். விளக்கக் கட்டுரை, கேட்டவருக்குப் பதில் சொல்லும். பேருந்து நேர அட்டவணையின் கீழே இருக்கும் குறிப்பும் விளக்க எழுத்துதான். கலைக்களஞ்சியக் கட்டுரையும் விளக்க எழுத்துதான். நீளம் வேறு, வேலை ஒன்று.

இந்த வேலையில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்றே ஒன்று. வாசகர் வாய் திறந்து கேட்காவிட்டாலும் அவர் மனதில் கேள்விகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி, அடுத்த கேள்வியைக் கிளப்பிவிடும். கிளம்பிய கேள்விக்கு அடுத்த வாக்கியமே பதில் சொன்னால் எழுத்து தெளிவாகவும் இருக்கும், சுவையாகவும் இருக்கும். தெளிவும் சுவையும் வேறு வேறு சரக்கு, ஒன்றை எழுதி முடித்து மற்றதை மேலே தூவ வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படித் தூவியதுதான் “இந்தியப் பெருங்கடலின் முத்து.”

நோட்டுப் பத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தமிழரின் முகம் என்றதும் ‘யார் அவர்?’ என்ற கேள்வி வருகிறது, பெயர் வருகிறது. தமிழ் இரண்டாவது, இந்தி மூன்றாவது என்றதும் ‘எப்போதும் அப்படித்தானா?’ என்று தோன்றுகிறது; 1998 வருகிறது. பத்தி முடியும் இடத்தில் இன்னொரு கேள்வி தொங்கிக்கொண்டு நிற்கிறது: தீவில் இந்தி, போஜ்புரி வழி வந்தவர்கள்தானே எண்ணிக்கையில் அதிகம், பிறகு எந்த நியாயத்தில் தமிழர்கள் வரிசையில் முந்தி நிற்கக் கேட்டார்கள்? அடுத்த பத்தி அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். தாங்கள் முதலில் வந்தவர்கள் என்பது தமிழர் தரப்பு வாதம். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தது ஆங்கிலேயர் காலத்தில், 1834 முதல். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, தீவு பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் போர்ட் லூயி நகரைக் கட்ட வந்துவிட்டார்கள். இதை முதல் பத்தியிலேயே திணித்திருந்தால் வெறும் வரலாற்றுக் குறிப்பாகக் கடந்து போயிருக்கும். கேள்வி எழுந்த பிறகு வருவதால் மனதில் நிற்கிறது.

கேட்பவர் யார்?

கேள்வி ஆளுக்கு ஆள் மாறும். எழுத உட்காரும் முன் ‘இதை யார் படிக்கப் போகிறார்?’ என்று கேட்டுக்கொள்ளச் சொல்வது அதனால்தான். எல்லா எழுத்துப் பயிற்சியிலும் இதைச் சொல்வார்கள். சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தைப்பூசக் காவடியைப் பற்றி எழுதுகிறீர்கள். மதுரையில் இருப்பவர் படிக்கப்போகிறார் என்றால், முருகன் யார், காவடி என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. பழனிக்குப் போய் வந்தவரிடம் போய் அலகு குத்துவதை விவரித்தால் சிரிப்பார். அவருக்கு வியப்பாக இருப்பது வேறு: இங்கே மொரிசியஸில் தைப்பூசம் நாடு முழுவதுக்கும் அரசு விடுமுறை என்பது, தமிழில் நாலு வார்த்தை தொடர்ந்து பேச வராதவர்கள்கூட பத்து நாள் விரதம் இருந்து, வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசி, காவடியன்று ‘வேல் வேல்’ என்று நடப்பது, விரதம் முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு போடுவது. இவை அவருக்குச் செய்தி.

பக்கத்து வீட்டுக் கிரியோல்காரருக்கு இதில் எதுவும் புதிதல்ல. விடுமுறை அவருக்கும்தான், ஏழு கறி அவர் வீட்டுக்கும் போயிருக்கும். அவர் கேட்பது: வலிக்காதா? காவடியோடு கொண்டுபோகும் அந்தச் செம்பில் என்ன இருக்கிறது? செம்பில் இருப்பது பால். கோவிலுக்குப் போய்ச் சேரும்வரை அது திரியாமல் இருக்க வேண்டும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. வெயிலில் மணிக்கணக்கில் நடக்கிறார்களே, அதில் பால் திரியாமல் இருக்குமா என்று அவர் உடனே கேட்பார். அதுதான் உங்கள் கட்டுரையின் முதுகெலும்பு.

இங்கேயே பிறந்து வளர்ந்து, பள்ளியில் தமிழைப் பாடமாக மட்டும் படிக்கும் பிள்ளைக்கு எழுதுகிறீர்கள் என்றால் கதை மறுபடி மாறும். அதற்குக் காவடி தெரியும், தோளில் வைத்துப் பார்த்திருக்கும். தெரியாதது தமிழ்ச் சொற்கள். ‘நேர்த்திக்கடன்’ என்று எழுதினால் அங்கேயே நின்றுவிடும். அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. ‘வேண்டிக்கொண்டபடி செய்து முடிப்பது நேர்த்திக்கடன்’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டால் பிள்ளை ஒரு புதுச் சொல்லோடு வீட்டுக்குப் போகும்.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கட்டுரை எழுத முடியாதா? முடியும், ஆனால் மூன்று பேருமே பாதியில் எழுந்து போவார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுப்பதே மேல். கோவில் திருவிழா மலர்களில் வரும் பல கட்டுரைகள் இந்தத் தேர்வைச் செய்யாததால்தான் யாருக்குமே உதவாமல் போகின்றன என்பது என் கருத்து.

தெரிந்தவருக்கு வரும் சிக்கல்

ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்தவர்தான் அதை விளக்கத் திணறுவார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வாளர் 1990இல் இதை ஒரு விளையாட்டு மாதிரி சோதித்துப் பார்த்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்களிடம் முன்கூட்டியே கேட்டபோது, பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார்கள். மொத்தம் 120 பாட்டுகள் தட்டப்பட்டன. கண்டுபிடித்தது மூன்றே மூன்று.

தட்டுகிறவர் மண்டைக்குள் பாட்டு முழுசாக ஓடுகிறது, மெட்டோடும் சொல்லோடும். எதிரே இருப்பவருக்குக் கேட்பது டொக் டொக். எழுதும்போதும் இதேதான் நடக்கிறது. ‘அப்ரவாசி காட்’ என்று எழுதும்போது போர்ட் லூயி துறைமுகம், கப்பல், கூலிகள், பதிவேடு எல்லாம் எழுதுகிறவர் கண்முன் வந்துவிடும். கோயம்புத்தூர் வாசகருக்கு அது ஒரு ஊர்ப் பெயராகக்கூடத் தெரியாது. ‘போர்ட் லூயி துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கிப் பதிவுசெய்த இடம்’ என்று முதல் தடவை ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். தெரிந்த ஒருவர் அந்த ஒரு வரியைப் படித்துச் சலித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். தெரிந்தவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். தெரியாதவர்களுக்குத்தான் தாண்ட முடியாது.

எண்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1834இல் தொடங்கி 1920கள் வரை மொரிசியஸ் வந்த ஒப்பந்தக் கூலிகள் ஏறத்தாழ 5 லட்சம். எழுதுகிறவருக்கு இது பெரிய எண். வாசகருக்கு? சென்னைக்காரருக்கு 5 லட்சம் என்பது சாதாரணம். பக்கத்தில் இன்னொரு எண்ணை வையுங்கள்: இன்று மொரிசியஸின் மொத்த மக்கள்தொகையே சுமார் 12.5 லட்சம்தான். இப்போது 5 லட்சத்தின் எடை தெரிகிறது. சில நேரம் சின்ன எண்தான் பெரிய வேலை செய்யும். அப்ரவாசி காட்டில் கரையிலிருந்து ஏறும் கல்படிகள் 16. கப்பலில் வாரக்கணக்கில் கிடந்து வந்த கால்கள் ஏறிய படிகள். யுனெஸ்கோ 2006இல் அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது என்பதைவிட, 16 படி என்பதுதான் பலருக்கு நினைவில் நிற்கும். இரண்டையும் சொல்லலாம், படியை முதலில் சொல்லுங்கள்.

எதை முதலில் சொல்வது?

இந்தத் தீவில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்கப் புயல் அறிவிப்பு போதும். நவம்பரிலிருந்து மே வரை புயல் காலம். அறிவிப்பு வரும்போது யாரும் முதலில் மையத்தின் அட்சரேகையைக் கேட்பதில்லை. எத்தனையாம் எண் எச்சரிக்கை? அதுதான் முதல் கேள்வி. எண்ணுக்குள்ளேயே மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது: மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்க இன்னும் எவ்வளவு நேரம், கடைக்குப் போய் ரொட்டியும் மெழுகுவர்த்தியும் வாங்க முடியுமா, ஜன்னலை அடைக்க வேண்டுமா. அப்புறம் அடுத்த அறிவிப்பு எப்போது. புயல் எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, மைய அழுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அதில் ஆர்வம் உள்ளவர் காத்திருந்து கேட்பார்.

செய்தித்தாள்காரர்கள் இப்படி எழுதுவதைத் தலைகீழ்ப் பிரமிடு என்பார்கள். கனமானது மேலே, இலேசானது கீழே. ஆசிரியர் இடம் போதாமல் கீழிருந்து வெட்டினாலும் நட்டம் இல்லை. செய்திக்கு இது சரி. ஆனால் எல்லா விளக்கக் கட்டுரைக்கும் இதுவே அச்சு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து முதல் முறை வருகிறவர் கவனிக்கும் ஒன்று: இங்கே ஏழை வீடும் பணக்கார வீடும் ஏன் தட்டையான கான்கிரீட் கூரையோடு பெட்டி மாதிரி இருக்கின்றன? இதற்கு ‘1960இல் வந்த புயல்கள்’ என்று முதல் வரியிலேயே பதிலைச் சொல்லிவிட்டால் மீதியைப் படிக்க ஆள் இருக்காது. கேள்வியை முதலில் வையுங்கள். அப்புறம் அந்தக் காலத்து மர வீடு, தகர வீடு, ஓலை வீடு எப்படி இருந்தன என்று காட்டுங்கள். 1960 ஜனவரியில் அலிக்ஸ் புயல். அதன் சேதத்திலிருந்து எழுந்திருக்கும் முன்பே பிப்ரவரி கடைசியில் கரோல் புயல் வந்து ஆயிரக்கணக்கான வீடுகளைப் பிய்த்து எறிந்தது. அதன் பிறகுதான் கான்கிரீட் வேகமாகப் பரவியது. வாசகர் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வருவார்.

எப்போது பதிலை முதலில் சொல்வது, எப்போது கேள்வியை முதலில் வைப்பது? வாசகர் அவசரத்தில் இருந்தால் பதில். ஓய்வாக இருந்தால் கேள்வி. இதைவிடப் பெரிய விதி எனக்குத் தெரியவில்லை.

வாக்கியத்துக்குள்

தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. ‘வந்து, இறங்கி, பதிந்து, பெற்று, சென்று’ என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம், இலக்கணம் தடுக்காது. அதில்தான் ஆபத்து. இதைப் பாருங்கள்:

“சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏற்றப்பட்டு, பல வாரக் கடற்பயணத்துக்குப் பின் போர்ட் லூயி வந்தடைந்து, அங்கு பதிவுசெய்யப்பட்டு எண் வழங்கப்பட்ட பின், தோட்ட முதலாளிகளால் ஒப்பந்தம் செய்யப்பட்டுத் தீவின் பல பகுதிகளுக்கும் அனுப்பப்பட்ட தொழிலாளர்கள் பெரும் துன்பங்களுக்கு ஆளாக்கப்பட்டனர்.”

தொழிலாளர்கள் என்ற சொல் வரும்வரை யாரைப் பற்றிய பேச்சு என்றே தெரியாது. இலை போட்டு ஏழு கறியையும் வரிசையாகப் பரிமாறிவிட்டுச் சோற்றைக் கடைசியில் கொண்டுவருவது மாதிரி. அதுவரை விருந்தாளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதுபோக, இந்த வாக்கியத்தில் எல்லாம் ‘பட்டு, பட்ட, பட்டனர்.’ யார் ஏற்றினார்கள், யார் எண் கொடுத்தார்கள் என்பதெல்லாம் மறைந்துபோகிறது. உடைத்து எழுதினால்:

“தொழிலாளர்கள் சென்னையில் கப்பல் ஏறினார்கள். பல வாரம் கழித்துப் போர்ட் லூயியில் இறங்கினார்கள். அதிகாரிகள் பெயரைப் பதிந்து, ஆளுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். பிறகு தோட்ட முதலாளிகள் ஒப்பந்தம் போட்டு அழைத்துப் போனார்கள்.”

‘பெரும் துன்பங்களுக்கு ஆளாக்கப்பட்டனர்’ என்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். என்ன துன்பம் என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் அந்தத் தோட்டங்களில் இருந்தது. அந்த ஒரு தகவல் ‘பெரும் துன்பங்கள்’ என்ற சொல் செய்யாததைச் செய்யும்.

எல்லா வாக்கியத்தையும் நாலு சொல்லாக நறுக்க வேண்டும் என்றும் இல்லை. வரிசையாகக் குட்டி வாக்கியம் வந்தால் வாசகருக்கு மூச்சு வாங்கும். இரண்டு சின்னது, ஒரு நீளம், காது சொல்கிறபடி.

நன்னூல் சொன்னது

இதெல்லாம் வெளியூர்ச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு: 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களையும் இருக்க வேண்டிய பத்து அழகுகளையும் அடுக்கியிருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறோம். அழகுகளில் ஒன்று ‘விளங்க வைத்தல்’, இன்னொன்று ‘நவின்றோர்க்கு இனிமை’, அதாவது படிப்பவருக்கு இனிமை. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

குற்றங்களில் நம் ஆட்களுக்கு அதிகம் பொருந்துவது ‘மற்றொன்று விரித்தல்.’ எடுத்த பொருளை விட்டுவிட்டு வேறொன்றை விரிப்பது. ரூபாய் நோட்டைப் பற்றி எழுதத் தொடங்கி, மூன்றாவது வரியில் கல்தோன்றி மண்தோன்றாக் காலத்துக்குப் போய், ராஜேந்திர சோழனின் கப்பற்படையைக் கடலில் இறக்கி, மொரிசியஸ் பக்கமே வராத அந்தக் கப்பலில் நம்மையும் ஏற்றிவிடுகிறார்கள். இறங்கும்போது நோட்டு எங்கே என்று யாருக்கும் நினைவில்லை.

‘சென்று தேய்ந்து இறுதல்’ அடுத்தது. தொடக்கத்தில் முழக்கம், போகப் போகத் தேய்ந்து, கடைசியில் ‘இவ்வாறாக’ என்று ஒரு முடிவு. தகவலை முழுக்க முன்னாலேயே செலவழித்துவிட்டால் இப்படித்தான் ஆகும். நல்ல தகவல் ஒன்றைக் கட்டுரையின் பின்பாதிக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் குற்றங்களை நீங்களே தேடிப் படித்துக்கொள்ளலாம். ‘கூறியது கூறல்’ அதில் இருப்பதால் நான் அடக்கி வாசிக்கிறேன்.

எழுதி முடித்த பிறகு

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாசகரின் கண்ணும் தடுக்கும். ஊர்ப் பெயர்களை ஒரே மாதிரி எழுதியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பிரெஞ்சு ஒலிப்பில் ‘காத்ர் போர்ன்’ என்று ஓரிடத்திலும் ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘குவாட்ரே போர்ன்ஸ்’ என்று இன்னோரிடத்திலும் எழுதினால், வெளியூர் வாசகர் இரண்டு ஊர் என்று நினைத்துக்கொள்வார்.

அப்புறம் ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் மனதில் வைத்து எழுதிய அந்த ஒரு வாசகரைப் போன்றவரிடம். ‘நல்லா இருக்கா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். நல்லா இருக்கு என்றுதான் சொல்வார், வேறென்ன சொல்வார்? கட்டுரையை வாங்கி வைத்துக்கொண்டு, ‘என்ன தெரிஞ்சுக்கிட்ட, சொல்லு பார்ப்போம்’ என்று கேளுங்கள். அவர் திரும்பச் சொல்லும்போது விட்டுவிடுகிற இடம் நீங்கள் சரியாகச் சொல்லாத இடம். தப்பாகச் சொல்கிற இடத்தில் உங்கள் வாக்கியம் இரண்டு பொருள் தருகிறது. அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தால் இன்னும் நல்லது. கூரைக் கட்டுரையைப் படித்த பதினாறு வயதுப் பெண், ‘தட்டையா இருந்தா மழைத் தண்ணி மேலேயே நிக்காதா?’ என்று கேட்கிறாள் என்று வையுங்கள். கரோல் புயல் பத்திக்கு அடுத்து, கூரையின் சிறு சரிவையும் தண்ணீர் இறங்கும் குழாயையும் பற்றி இரண்டு வரி சேர்க்க வேண்டும்.